எழுந்த வேகத்தில் விழுந்த கம்ப்யூட்டர்கள்

78 நிமிடங்களில் உலகெங்கும் பரவிய ஒரு கோளாறு. அதை நீக்க ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது.

ஐதராபாத் விமான நிலையத்தில் இண்டிகோ கவுன்டரில் தரப்பட்ட போர்டிங் பாஸில் பயணியின் பெயர், விமான எண், இருக்கை எண் எல்லாமே பேனாவால் எழுதப்பட்டிருந்தன. தேதி 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. தன் வாழ்நாளில் கையால் எழுதிய போர்டிங் பாஸை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஒரு பயணி அதைப் படம் பிடித்து வெளியிட, படம் நாடு முழுவதும் சுற்றியது. பெங்களூர், தில்லி, மும்பை, சென்னை விமான நிலையங்களில் வரிசை நீண்டுகொண்டே போனது. ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஊழியர்களும் பேனாவும் காகிதமுமாக நின்றார்கள். அன்று இண்டிகோ மட்டும் ரத்து செய்த விமானங்கள் 200-ஐ நெருங்கின.

இந்தியாவில் நடந்தது குறைவுதான். ஆஸ்திரேலியாவில் சூப்பர் மார்க்கெட் கல்லாக்கள் நின்றன. லண்டனில் ஸ்கை நியூஸ் சேனல் காலை ஒளிபரப்பையே இழந்தது. பிரிட்டனில் டாக்டர்கள் நோயாளிகளின் பழைய குறிப்புகளைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களின் அவசர உதவி தொலைபேசி தடுமாறியது. எங்கு பார்த்தாலும் அதே நீலத்திரை. அதில் ஒரு சோகமுகக் குறி, கம்ப்யூட்டரில் ஏதோ பிரச்னை, மறுபடி துவக்கப்போகிறோம் என்ற ஒரு வாக்கியம். துவக்கியது. பாதி எழுந்தது. மறுபடி நீலத்திரை. மறுபடி துவக்கியது.

வைரஸ் தாக்குதலா, பகைநாட்டின் வேலையா என்று முதல் சில மணி நேரம் ஊகங்கள் பறந்தன. முந்தைய இரவு மைக்ரோசாஃப்டின் அஷூர் சேவையில் அமெரிக்காவின் மத்தியப் பகுதியில் ஏற்பட்டிருந்த வேறொரு கோளாறும் இதோடு சேர்ந்துகொள்ள, பழி முழுக்க மைக்ரோசாஃப்ட் தலையில் விழுந்தது. உண்மையில் நீலத்திரைக்குக் காரணம், கம்ப்யூட்டர்களைத் தாக்குதலிலிருந்து காப்பதற்கென்றே விற்கப்படும் ஒரு சாஃப்ட்வேர். டெக்சாஸைச் சேர்ந்த கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஃபால்கன். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இந்திய நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்டிரைக் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சிறு ஃபைலை அனுப்பியது. புதுவகைத் தாக்குதல்களை அடையாளம் காண்பதற்கான தகவல்கள் அடங்கிய ஃபைல் அது. இப்படி அனுப்புவது அந்த நிறுவனத்துக்கு அன்றாட வேலை. தப்பு தெரிந்து 10.57-க்குத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நடுவில் 78 நிமிடம். அந்த நேரத்தில் இன்டர்நெட்டோடு இணைந்து ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஃபைலை வாங்கிக்கொண்டு விழுந்தன. அணைத்து வைக்கப்பட்டிருந்தவை தப்பின. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி பாதிக்கப்பட்டவை 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். உலகின் விண்டோஸ் மெஷின்களில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் ஃபால்கன் வீட்டுக்காரர்கள் வாங்கும் சரக்கல்ல. விமான நிறுவனம், வங்கி, மருத்துவமனை, டி.வி. நிலையம் போன்ற பெரிய இடங்கள்தான் வாங்குகின்றன. அதனால்தான் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு சத்தம்.

இருபத்தோராவது வீடு

கம்ப்யூட்டர் ஏன் துவங்கும்போதே விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படி எழுகிறது என்று தெரிய வேண்டும். பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் சிறு புரோகிராம் முதலில் விழிக்கிறது. மெமரி இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. டிஸ்கின் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் அடுத்த புரோகிராமை எழுப்பிவிட்டு ஒதுங்குகிறது. அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை எழுப்புகிறது. கெர்னல், டிஸ்க், கீபோர்டு, திரை ஆகியவற்றை இயக்கும் டிரைவர் புரோகிராம்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் பாஸ்வேர்டு கேட்கும் திரை. காலில் போட்டிருக்கும் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்வது என்ற வேடிக்கையான ஆங்கில வழக்கிலிருந்துதான் இதற்கு பூட் என்ற பெயரே வந்தது.

திருடனைப் பிடிக்க வேண்டுமானால் திருடன் வருவதற்கு முன்பே காவல்காரன் வந்துவிட வேண்டும். ஆகவே ஃபால்கனின் டிரைவர் இந்த வரிசையில் மிக முன்னாலேயே, கெர்னலின் மடியிலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அது இல்லாமல் துவங்காதே என்று விண்டோஸுக்கு உத்தரவும் போட்டு வைத்திருக்கிறது. மற்ற நேரத்தில் இது பலம். ஜூலை 19 அன்று இதுவே வினையாகிவிட்டது.

நடந்த தவறு எவ்வளவு சின்னது என்பதுதான் திகைப்பு. அந்தத் தகவல் ஃபைல் 21 விவரங்களை எடுத்துப் பார் என்றது. அதைப் படிக்கும் புரோகிராமுக்குக் கிடைத்தவை 20 விவரங்கள்தான். இருபதே வீடுகள் உள்ள தெருவில் இருபத்தோராவது வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னால் தபால்காரர் சிரித்துவிட்டுத் திரும்பிவிடுவார். கம்ப்யூட்டர் சிரிக்காது. தனக்குச் சொந்தமில்லாத மெமரிப் பகுதியில் போய்த் தட்டும். சாதாரண புரோகிராம் இப்படிச் செய்தால் விண்டோஸ் அதை மட்டும் வெளியே தள்ளிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும். கெர்னலுக்குள் இருப்பது செய்தால் அப்படித் தள்ள முடியாது. இனி எந்தத் தகவலையும் நம்ப முடியாது, கிறுக்கி வைப்பதை விட நின்றுவிடுவதே மேல் என்று முடிவு செய்து முழுவதுமாக நின்றுவிடுகிறது. நீலத்திரை என்பது உண்மையில் ஒரு தற்காப்பு.

இந்த 20-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம் 2024 பிப்ரவரியிலிருந்தே உள்ளே இருந்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இதே வகைத் தகவல்கள் சில அனுப்பப்பட்டன. அவற்றில் இருபத்தோராவது இடத்தில் எதுவானாலும் சரி என்று குறிக்கப்பட்டிருந்ததால் யாரும் அந்த வீட்டைத் தேடிப் போகவில்லை. ஜூலையில் அனுப்பியது முதன்முதலாக அந்த இடத்தில் குறிப்பாக ஒன்றைத் தேடியது. அனுப்பும் முன் சரிபார்க்க ஒரு சோதனை புரோகிராம் இருந்தது. அதிலும் ஒரு தவறு. அது, சரி போகலாம் என்று தலையாட்டிவிட்டது. நிறுவனமே பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இத்தனையும் இருக்கின்றன. முதலில் நூறு மெஷின்களுக்கு அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்திருந்தால் எல்லாமே அங்கேயே தெரிந்திருக்கும். காத்திருக்கவில்லை. தாக்குதல் பற்றிய தகவல் தாமதமாகக்கூடாது என்ற அவசரத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயிற்று.

செய்தி போகாத மெஷின்

தவறான ஃபைலைத் திரும்பப் பெற்றாயிற்று. சரியான ஃபைல் தயார். பிறகும் ஏன் நாள்கணக்கில் விமானங்கள் நின்றன?

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த நிலைமைதான். புதிய ஃபைலை வாங்க வேண்டுமானால் மெஷின் எழுந்து நின்று நெட்வொர்க்கோடு பேச வேண்டும். எழுவதற்கு முன்பே பழைய ஃபைல் அதைத் தள்ளிவிடுகிறது. வந்த வழியாகவே மருந்தை அனுப்ப வழியில்லை. ஆள்தான் போக வேண்டும்.

போனவர் செய்ய வேண்டிய வேலை கேட்பதற்குச் சுலபம். கம்ப்யூட்டரை சேஃப் மோடில் துவக்க வேண்டும். இது அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, வந்தவர் போனவர் எல்லோரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு எழும் முறை. பிறகு விண்டோஸ் ஃபோல்டருக்குள் டிரைவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், கிரவுட்ஸ்டிரைக் என்ற பெயருள்ள ஃபோல்டரைத் திறந்து, சி-00000291 என்று துவங்கும் ஃபைலை அழிக்க வேண்டும். மறுபடி துவக்கினால் மெஷின் நல்ல பிள்ளையாக எழுந்துவிடும். தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை.

ஆனால் ஒரு நிறுவனத்தில் 10,000 கம்ப்யூட்டர்கள் இருந்தால்? அவற்றில் சில விமான நிலையக் கூரைக்குக் கீழே அறிவிப்புத் திரைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால்? கீபோர்டே இல்லாத மெஷின்கள் இருந்தால்? வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியரின் லேப்டாப் வேறு ஊரில் இருந்தால்?

இதைவிடப் பெரிய தடை பூட்டு. திருட்டுப் போனாலும் தகவல் போகக்கூடாது என்பதற்காக நிறுவனங்கள் லேப்டாப் டிஸ்குகளை பிட்லாக்கர் என்ற வசதியால் பூட்டி வைக்கின்றன. வழக்கமாகத் துவங்கும்போது பூட்டு தானாகத் திறக்கும். வேறு வழியில் உள்ளே நுழைந்தால் 48 இலக்கங்கள் கொண்ட சாவி எண்ணைக் கேட்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி எண். அதை நினைவில் வைத்திருப்பவர் எவருமில்லை. எண்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த சர்வரும் அதே நீலத்திரையில் விழுந்து கிடந்தால் கதை முடிந்தது. சாவிக்கொத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம்.

ஆஸ்திரேலியாவில் கிராண்ட் தார்ன்டன் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் இருந்தவர்களுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. கடைகளில் விலைப்பட்டியைப் படிக்கும் பார்கோடு ஸ்கேனரை கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது. அப்படியானால் 48 இலக்கங்களை மணிக்கணக்கில் தட்டுவானேன்? சாவி எண்களை பார்கோடுகளாக மாற்றித் திரையில் காட்டினார்கள். கடைச் சரக்கு ஸ்கேனரை அதன் மேல் நீட்டினார்கள். விழுந்து கிடந்த லேப்டாப் எண்ணை வாங்கிக்கொண்டது. ஒரு மெஷினுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பல கோடி டாலர் பாதுகாப்பு ஏற்பாடுகளெல்லாம் படுத்துவிட்ட நாளில், மளிகைக்கடைக் கருவி கை கொடுத்தது.

மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு ஒரு விசித்திரமான யோசனை சொன்னது. அஷூரில் ஓடும் மெஷின்களைத் திரும்பத் திரும்ப மறுதுவக்கம் செய்து பாருங்கள், சிலருக்கு 15 தடவை வரை தேவைப்பட்டிருக்கிறது என்றது. கேட்டவர்கள் சிரித்தார்கள். அதில் அர்த்தமில்லாமல் இல்லை. ஒவ்வொரு முறை எழும்போதும் விழுவதற்கு முன் கண நேரம் நெட்வொர்க் கிடைக்கலாம். அந்தக் கணத்தில் சரியான ஃபைல் உள்ளே வந்துவிட்டால் பிழைத்தது. மருந்துக்கும் மயக்கத்துக்கும் நடந்த ஓட்டப்பந்தயம். அடுத்த நாள், பென் டிரைவில் போட்டு எடுத்துச் சென்று செருகினால் அந்த ஃபைலைத் தானே தேடி அழிக்கும் ஒரு கருவியையும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதைச் செருகுவதற்கும் ஒரு கை வேண்டும்.

அந்தக் கைகள் எத்தனை என்பதற்கு டெல்டா ஏர்லைன்ஸ் ஓர் அளவு. 40,000 சர்வர்களை ஆட்கள் நேரில் தொட்டுச் சரி செய்ய வேண்டியிருந்தது என்றார் அதன் தலைமை நிர்வாகி எட் பாஸ்டியன். மெஷின்கள் எழுந்த பிறகும் எந்த பைலட் எந்த ஊரில் இருக்கிறார் என்று கணக்கு வைக்கும் சாஃப்ட்வேர் தேங்கிய தகவல்களைச் செரிக்க முடியாமல் திணறியது. ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்கள் ரத்து. நஷ்டம் 50 கோடி டாலர் என்பது டெல்டாவின் கணக்கு. அமெரிக்காவின் 500 முன்னணி நிறுவனங்களின் மொத்த இழப்பு 540 கோடி டாலர் இருக்கலாம் என்று இன்ஷூரன்ஸ் ஆய்வு நிறுவனமான பாராமெட்ரிக்ஸ் மதிப்பிட்டது.

பெங்களூர், சென்னை, புனே, ஐதராபாத் நகரங்களில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது இந்தியாவின் பெரிய தொழில்களில் ஒன்று. அங்கே ஒரு மெஷின் நின்றால் இங்கிருந்தே உள்ளே நுழைந்து சரி செய்துவிடுவார்கள். அந்தத் தொழிலின் அஸ்திவாரமே, எதிர்முனையில் மெஷின் எழுந்து நின்று பதில் பேசும் என்பதுதான். எழாத மெஷினுக்குள் தொலைவிலிருந்து நுழைய முடியாது. போனில் ஓர் ஊழியரை மெஷின் முன் உட்கார வைத்து, இந்தப் பொத்தானை அழுத்துங்கள், இப்போது என்ன தெரிகிறது என்று கேட்டுக் கேட்டு 48 இலக்கங்களையும் வாய்ப்பாடு போல ஒப்பிப்பதுதான் மிச்சமிருந்த வழி. கம்ப்யூட்டர் மெக்கானிக் என்றால் சற்று இளக்காரமாகப் பார்க்கும் சாஃப்ட்வேர் உலகத்துக்கு அந்த வார இறுதி ஒரு பாடம்தான்.

இந்தியா ஓரளவு தப்பித்ததற்குப் பெரிய காரணம், இங்கே அந்த சாஃப்ட்வேரை வாங்கியவர்கள் குறைவு என்பது. பத்து வங்கிகள் மற்றும் நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு இடையூறு என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. தேசிய பங்குச் சந்தையும் மும்பை பங்குச் சந்தையும் வழக்கம்போல் இயங்கின. அரசின் நிக் வலையமைப்புக்குப் பாதிப்பில்லை. சனிக்கிழமை அதிகாலை 3 மணி முதல் விமான நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் சீராக இயங்குவதாக விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு தெரிவித்தார். கம்ப்யூட்டர் அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கையும் நிவாரண வழியும் வெளியிட்டது. சில நாட்களில் அதுவே இன்னொரு எச்சரிக்கையும் விட வேண்டி வந்தது: கிரவுட்ஸ்டிரைக் உதவியாளர் என்று சொல்லிக்கொண்டு மெயில் அனுப்பும், போன் செய்யும் மோசடிக்காரர்களை நம்பாதீர்கள். வீடு எரியும்போது பிடுங்கியது லாபம் என்று நினைப்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு.

லாகூரிலிருந்து இதுவரை

துவக்கத்தில் தாக்குவது புதிதல்ல. ஐ.பி.எம். வகை கம்ப்யூட்டர்களுக்கான முதல் வைரஸ் என்று சொல்லப்படும் பிரெய்ன், 1986-ல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதியது. ஃபிளாப்பி டிஸ்கில் கம்ப்யூட்டர் முதலில் படிக்கும் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1999 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் என்றழைக்கப்பட்ட சி.ஐ.எச். வைரஸ் ஆசியாவெங்கும் வெடித்தபோது டிஸ்கை அழித்ததோடு நிற்கவில்லை. சில மதர்போர்டுகளில் துவக்க புரோகிராம் இருக்கும் சிப்பையே கிறுக்கி வைத்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றும், வேறெதுவும் நடக்காது. சிப்பைக் கழற்றி மாற்றாமல் விமோசனம் இல்லை.

காவல்காரனே கவிழ்த்ததும் புதிதல்ல. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபீ நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று நினைத்து அப்புறப்படுத்தியது. மெஷின்கள் துவங்கி விழுந்து, துவங்கி விழுந்து தவித்தன. அப்போது மெக்கஃபீயின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர் ஜார்ஜ் குர்ட்ஸ். 2024-ல் டி.வி.யில் தோன்றி உலகத்திடம் மன்னிப்புக் கேட்ட கிரவுட்ஸ்டிரைக் தலைமை நிர்வாகியும் அவரே. ஒரே மனிதருக்கு இரண்டு முறை.

செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அந்த நிறுவனத்தின் மூத்த துணைத்தலைவர் ஆடம் மேயர்ஸ் வந்து மன்னிப்புக் கேட்டார். இனிமேல் ஃபைல்கள் படிப்படியாகத்தான் போகும், எப்போது வாங்கிக்கொள்வது என்று வாடிக்கையாளரே தீர்மானிக்கலாம் என்பது நிறுவனம் செய்த மாற்றம். முதலிலேயே இருந்திருக்க வேண்டியது. அக்டோபரில் டெல்டா வழக்குத் தொடர்ந்தது. 2025 மே மாதம் ஜார்ஜியா மாநில நீதிபதி வழக்கின் பெரும்பகுதி தொடரலாம் என்று தீர்ப்பளித்தார். மைக்ரோசாஃப்டும் சும்மா இருக்கவில்லை. வெளி நிறுவனங்களின் பாதுகாப்பு சாஃப்ட்வேர்களைக் கெர்னலிலிருந்து வெளியே குடிவைக்கும் முயற்சியைத் துவக்கியது. எழ முடியாத மெஷின் தன் மீட்புப் பகுதியிலிருந்தே நெட்வொர்க்கைத் தொட்டு மருந்தை வாங்கிக்கொள்ளும் வசதியை 2025-ல் விண்டோஸ் 11-ல் சேர்த்தது. அதே ஆண்டு நீலத்திரையின் நிறத்தையும் கறுப்பாக மாற்றியது. நிறம் மாறினால் என்ன, விழுந்தவருக்கு வலி ஒன்றுதான்.

ரிச்சி தெரு வைத்தியம்

வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஃபால்கனால் ஆபத்தில்லை. ஆனாலும் துவங்கும்போது விழும் நோய் அவற்றுக்கும் உண்டு. சென்னை ரிச்சி தெரு, தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு என்று நாட்டின் கம்ப்யூட்டர் கடைவீதிகளில் பழுது பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, எங்கே வரைக்கும் வருது என்பதுதான். கேள்வி சாதாரணமாகத் தோன்றும். வைத்தியம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

திரையில் எதுவுமே வராமல் விசிறி மட்டும் சுற்றினால் சந்தேகம் மின்சாரத்தின் மேலும் மெமரியின் மேலும் போக வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை சீக்கிரம் கெடும். மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து மறுபடி அழுத்திச் செருகுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய கைவைத்தியம். வியக்கத்தக்க விதத்தில் பல நேரம் பலிக்கிறது. தேதி ஒவ்வொரு முறையும் பழையதாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது. டிஸ்கே இல்லை என்று மெஷின் சொன்னால் பதறுவதற்கு முன் பென் டிரைவ் எதையாவது செருகியபடியே விட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். ஃபிளாப்பி காலத்தில் டிரைவில் மறந்துவிட்ட டிஸ்கால் இதே செய்தி வந்து எத்தனையோ ஆபீஸ்கள் கலங்கியிருக்கின்றன.

விண்டோஸ் சின்னம் வந்து, வட்டம் சுற்றி, அதன் பிறகு விழுந்தால் வன்பொருளைவிட சாஃப்ட்வேரைச் சந்தேகிக்கலாம். இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து துவங்கத் தவறினால் விண்டோஸ் தானே மீட்புத் திரையைக் கொண்டுவரும். வராவிட்டால் சின்னம் தெரியும்போதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் வந்துவிடும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம். அதில் மெஷின் ஒழுங்காக எழுந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது: டிஸ்கும் மெமரியும் அநேகமாக நலம், கடைசியாக உள்ளே வந்த ஏதோ ஒரு புரோகிராமோ டிரைவரோதான் குற்றவாளி. அதை நீக்கலாம். கடைசி அப்டேட்டை மீட்புத் திரையிலிருந்தே கழற்றலாம். பழைய நல்ல நாள் ஒன்றுக்கு மெஷினைத் திருப்பும் வசதியும் அங்கே உண்டு. சேஃப் மோடிலும் விழுந்தால் மெமரியையும் டிஸ்கையும் சோதிக்க வேண்டிய நேரம்.

இவ்வளவும் செய்வதற்குப் பொறுமையில்லாத கடைகளில் கிடைக்கும் ஒரே பதில், ஃபார்மட் பண்ணிடலாம் சார். டிஸ்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் கம்ப்யூட்டர் நிச்சயம் எழும். கூடவே கல்யாண போட்டோ, மகளின் பிராஜெக்ட், கடைக் கணக்கு எல்லாம் போய்விடும். பெரும்பாலான நீலத்திரைகளில் துவங்க முடியாமல் போவது விண்டோஸ்தான். டிஸ்கில் இருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்தோ, பென் டிரைவிலிருந்து துவக்கியோ அவற்றை முதலில் எடுத்துக்கொள்ள முடியும். எடுத்த பிறகு எதை வேண்டுமானாலும் துடைக்கட்டும். நல்ல மெக்கானிக் முதலில் பேக்கப் இருக்கிறதா என்று கேட்பார்.

இதிலும் இப்போது ஒரு சிக்கல் நுழைந்திருக்கிறது. நிறுவனங்களுக்கென்று இருந்த அந்த டிஸ்க் பூட்டு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 2024-ல் வெளியான விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு துவக்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. சாவி எண் அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. இப்படி ஒரு பூட்டு இருப்பதே வாங்கியவர் பலருக்குத் தெரியாது. கடைக்காரரே தன் ஏதோ ஒரு மெயில் முகவரியைப் போட்டு லேப்டாப்பைத் துவக்கிக் கொடுத்திருந்தால் சாவி அந்த முகவரியில் கிடக்கும். மதர்போர்டு மாறினாலோ, மீட்புத் திரைக்குள் போனாலோ மெஷின் திடீரென்று 48 இலக்கங்களைக் கேட்கும். சாவி இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் இணைத்தாலும் படிக்க முடியாது. எந்தத் தெருவின் எந்தக் கெட்டிக்கார மெக்கானிக்காலும் அதைத் திறக்க முடியாது. அப்போது ஃபார்மட் ஒன்றே வழி.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்த எண்ணைப் பார்த்து, ஒரு காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வைப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். எட்டுத் தொகுதிகள், தொகுதிக்கு ஆறு இலக்கம். லேப்டாப் பைக்குள்ளேயே வைத்தால் திருடனுக்கும் சேர்த்துச் சாவி கொடுத்தது போலாகும்.